ஹேண்டில்பார் இறுகிக் கிடக்கிறது, ஏ-ஆர்மும் அசையவில்லை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

புழுதிப்பயல்

வணக்கம் எல்லோருக்கும். கைமாறி வந்த 400 சிசி ஸ்போர்ட் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), 2006 மாடல். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, பட்டனைத் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. தலைவலி எல்லாம் முன்பக்கம்தான்.

ஹேண்டிலைத் திருப்பினால் திருப்பின இடத்திலேயே நிற்கிறது, தானாக நேருக்கு வருவதில்லை. நேர்ப்பாதையில் போகும்போதும் இடது வலது என்று சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது.

இன்னொன்று. முன் பம்பரைப் பிடித்து அமுக்கிவிட்டு கையை எடுத்தால் வண்டி ஒரு உயரத்தில் நிற்கிறது. தூக்கிவிட்டு கையை எடுத்தால் வேறொரு உயரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் வித்தியாசம். ஷாக் போய்விட்டதா? ஆனால் எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை.

ஏ-ஆர்மில், அதாவது சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் ஏ வடிவக் கையில், கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. கன் வைத்து அடித்துப் பார்த்தேன். கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளைச் சுற்றியே பிதுங்கி வெளியே வருகிறது.

எங்கிருந்து கை வைப்பது என்று சொல்லுங்கள்.

அரைகுறை

எனக்கும் இதே கதைதான் இருந்தது. துரு விடுவிக்கும் ஸ்ப்ரேயை எல்லா ஜாயிண்டிலும் நன்றாக அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன். மறுநாள் பஞ்சு மாதிரி திரும்பியது. கழற்றிப் பிரித்து மேய வேண்டிய அவசியமே இல்லை.

பட்டறைக்காரன்

அரைகுறை தம்பி, அந்தப் பஞ்சு எத்தனை நாள் இருந்தது என்று சொல்லவில்லையே. அந்த ஸ்ப்ரே துருவை இளக்கும், கூடவே உள்ளே மிச்சம் இருக்கிற கிரீஸையும் கரைத்து எடுத்துவிடும். இரண்டு வாரம் சுகம், அப்புறம் முன்பைவிட மோசம். போல்ட் கழற்ற அது வேண்டும், ஜாயிண்டுக்கு அது மருந்து இல்லை.

புழுதிப்பயல், உங்கள் வண்டியில் இருப்பது ஒரு நோய் இல்லை, குறைந்தது இரண்டு. ஸ்டியரிங் இறுக்கம் தனி, ஏ-ஆர்ம் இறுக்கம் தனி. ஒன்றாக வருவதற்குக் காரணம் மட்டும் ஒன்றுதான், தண்ணீர். யாரோ பிரஷர் வாஷர் பைப்பை நேராக ஜாயிண்டுக்குள்ளே காட்டிக் கழுவியிருக்கிறார்கள். சீல் என்பது தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கத்தான், அந்த வேகத்தில் பீய்ச்சினால் தாங்காது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை.

ஷாக்கைச் சந்தேகப்படாதீர்கள். அமுக்கினால் ஒரு உயரம், தூக்கினால் ஒரு உயரம் என்றால் ஆர்ம் புஷ்ஷில், அதாவது ஆர்ம் சுழலும் இடத்தில் இருக்கும் குழல் போன்ற பாகத்தில், பிடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் தள்ளுகிறது, புஷ் விடமாட்டேன் என்கிறது. நாலு விரல் என்பது ரொம்ப அதிகம்.

கிரீஸ் அடிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு பகுதியாகத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள். இரண்டு முன் சக்கரமும் காற்றில் தொங்க வேண்டும். ஹேண்டிலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கே கனக்கிறது, எங்கே விடுகிறது என்று கவனித்து வையுங்கள். பிரேக் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஏதாவது இழுக்கிறதா என்றும் பாருங்கள். கேபிளைத் தவறான பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு ஸ்டியரிங் கனக்கிறது என்று வந்தவர்கள் உண்டு.

அப்புறம் ஹேண்டிலிலிருந்து கீழே இறங்கும் தண்டு, அதாவது ஸ்டெம், அதன் அடியிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டை ராடையும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பிகள்) ஸ்டெம் பக்கம் மட்டும் கழற்றுங்கள். இப்போது ஹேண்டிலும் ஸ்டெம்மும் தனி, சக்கரங்கள் தனி. ஹேண்டில் ஒரு விரலால் தள்ளினால் திரும்ப வேண்டும். திரும்பினால் குற்றவாளி சக்கரப் பக்கம். திரும்பாவிட்டால் ஸ்டெம். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் இடது வலது ஆட்டினால் எந்தப் பக்கத்துப் பால் ஜாயிண்ட் (ஆர்ம் முனையில் சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு) இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தோடு ஆர்மைத் தூக்கி விடுங்கள். பொத்தென்று கீழே விழ வேண்டும். விழும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துப் போல்ட் கழற்றுகிற வேலை. இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

கடைசிகியர்

பட்டறைக்காரன் அண்ணன் சொன்னதற்கு முன்னால் ஒரு நிமிட வேலை: டயர் காற்று பாருங்கள். ஸ்போர்ட் ஏடிவி முன் டயருக்கு 4 பிஎஸ்ஐ சுற்றித்தான் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள், சரியான எண் வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். கார் கேஜ் வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்கு முள் நகரவே நகராது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் இருக்கிறது, அது வேண்டும். ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 5 என்று இருந்தால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும், கனக்கவும் செய்யும்.

ஹேண்டில் உதறாமல் தடுக்கும் ஸ்டியரிங் டாம்பர் இருக்கிறதா? என் வண்டியை வாங்கிய முதல் மாதம் முழுக்க ஸ்டெம் பேரிங் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் டாம்பரின் டயலை யாரோ கடைசி வரை திருகி வைத்திருக்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

புழுதிப்பயல்

டாம்பர் இல்லை. காற்று இடது 3, வலது 2. இரண்டையும் 4-க்குக் கொண்டுவந்தேன். துளி வித்தியாசம், அவ்வளவுதான். பிரித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன், ஆனால் டை ராட் முனை ஸ்டெம்மை விட்டு வரமாட்டேன் என்கிறது. நட் கழன்றுவிட்டது, ஊசி அசையவில்லை. கவட்டை மாதிரி ஒரு கருவி விற்கிறார்களே, நடுவில் விட்டு அடிப்பது, அதை வாங்கலாமா?

மணல்மேடு

அந்தக் கவட்டையைத் தொடாதீர்கள். ஜாயிண்டைத் தூக்கிப்போடப் போகிறீர்கள் என்றால் சரி. மீண்டும் போடப்போகிறீர்கள் என்றால் ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழியும், கிழிந்தால் அடுத்த மழையில் அந்த ஜாயிண்டும் காலி.

பட்டறைக்காரன்

மணல்மேடு சொன்னது சரி. அது டேப்பர் பொருத்தம், அதாவது கூம்பு வடிவில் நுழைந்து இறுகியது, ஊசியின் முனையில் அடித்தால் மரைதான் நசுங்கும். நட்டைத் திரும்ப நாலு சுற்று ஏற்றி விடுங்கள், மரைக்குப் பாதுகாப்பு. பிறகு ஊசி நுழைந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில், அதாவது ஸ்டெம்மின் இரும்பில், ஒரு கனமான சுத்தியலை எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து, இந்தப் பக்கம் இன்னொரு சுத்தியலால் ‘டங்’கென்று இரண்டு அடி. கண் ஒரு நொடி நெளிந்து டேப்பரை விட்டுவிடும். தட்டித் தட்டிப் பார்ப்பதைவிட துணிந்து ஒரு அடி நல்லது. சக்கரப் பக்கம் செய்யும்போது அங்கே உள்ள நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) அலுமினியமாக இருந்தால் மட்டும் இந்த வித்தை வேண்டாம், ஸ்க்ரூ வைத்த புல்லர் பயன்படுத்துங்கள்.

புழுதிப்பயல்

மூன்றாவது அடியில் ‘டப்’பென்று குதித்தது! அந்தச் சத்தத்துக்கே ஒரு சந்தோஷம்.

சோதித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

டை ராட் இரண்டையும் கழற்றின பிறகும் ஹேண்டில் கனமாகவே இருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் கரகரவென்று, மணல் அரைபடுவது போல.

இடது சக்கரம் கையால் ஆட்டினால் ஒழுங்காகத் திரும்புகிறது. வலது சக்கரம் பாதி தூரம் வந்து திக்கிறது, கொஞ்சம் அழுத்தினால் தாண்டிப் போகிறது.

ஷாக் கழற்றியதும் வலது ஆர்ம் மெதுவாக இறங்கியது. இடது பக்கம் தூக்கி விட்டேன், சக்கரத்தோடு அப்படியே அலமாரிப் பலகை மாதிரி அந்தரத்தில் நின்றது. நான் தேநீர்க் கோப்பையை வைத்தால்கூட விழாது.

பட்டறைக்காரன்

ஆக மூன்று இடம்: ஸ்டெம், வலது பால் ஜாயிண்ட், ஏ-ஆர்ம் புஷ். ஸ்டெம்மிலிருந்து ஆரம்பியுங்கள்.

மேலே ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமில் இரண்டு போல்ட் போட்ட ஒரு பிளாக் இருக்கும். அதற்குள் இரண்டாகப் பிளந்த பிளாஸ்டிக் புஷ் ஸ்டெம்மைக் கவ்வியிருக்கும். அந்த இரண்டு போல்ட்டையும் இரண்டு சுற்று தளர்த்தி ஹேண்டிலைத் திருப்புங்கள். கனம் குறைந்தால் மேல் புஷ். குறையாமல் கரகரப்பு அப்படியே இருந்தால் அடியில் உள்ள பேரிங். பாதி குறைந்தால் இரண்டும்.

புழுதிப்பயல்

பாதி குறைந்தது.

பட்டறைக்காரன்

நினைத்தேன்.

புழுதிப்பயல்

ஸ்டெம்மை வெளியே எடுத்துவிட்டேன். மேல் புஷ் எலும்பு மாதிரி வறண்டு கிடக்கிறது, உள்பக்கம் மணல் பதிந்து வட்ட வட்டமாகக் கோடு. அதற்கு நேராக ஸ்டெம்மிலும் பழுப்பாகத் துரு.

கீழ் பேரிங் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேல் சீலை நிமிண்டினால் உள்ளே கிரீஸ் இல்லை, செங்கல் பொடி. உள்வளையத்தை விரலால் சுற்றினால் சுற்றவில்லை. அதாவது ஸ்டெம் இதுவரை பேரிங்கில் சுழலவே இல்லை, பேரிங்குக்குள்ளே தேய்ந்துகொண்டு சுழன்றிருக்கிறது.

புது பேரிங் எந்த அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருகாணி

ரேஸின் (பேரிங் வளையத்தின்) ஓரத்திலோ சீலின் மேலோ எண் பொறித்திருக்கும், துருவைத் துடைத்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து பேரிங் விற்கும் இடத்தில் கொடுத்தால் போதும், பேரிங் எல்லாம் உலகத்துக்கே பொது அளவு. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதை வாங்குங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது. இரும்புத் தகடு மூடியது, இசட்இசட் என்று வருவது, இந்த இடத்துக்கு வேண்டாம். அது தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

மணல்மேடு

பாகம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சுசூகி எல்டி-இசட்400, கவாசாகி கேஎஃப்எக்ஸ்400, ஆர்க்டிக் கேட் டிவிஎக்ஸ்400 மூன்றும் அடிப்படையில் ஒரே வண்டி, ஒட்டிய பெயர்தான் வேறு. அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பெயரில் கிடைக்காததை இன்னொரு பெயரில் தேடலாம்.

பட்டறைக்காரன்

பேரிங் எடுக்கும்போது முதலில் அதைப் பூட்டி வைத்திருக்கும் சர்க்லிப் என்ற ஸ்பிரிங் வளையத்தைக் கழற்ற மறக்க வேண்டாம். சிரிக்காதீர்கள், சேறு அப்பி இருந்தால் கண்ணுக்கே தெரியாது, அடித்து அடித்து ஃபிரேமைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போடும்போது பேரிங்கை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள், ஃபிரேம் பக்கத்தை ஹீட் கன்னால் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெளிவளையத்துக்குச் சமமான சாக்கெட் வைத்து வெளிவளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் ரேஸில் பள்ளம் போடும், புது பேரிங் முதல் நாளே பழசு.

போடுவதற்கு முன் ஒரு பக்கத்து ரப்பர் சீலை மெல்லிய ஊசியால் நெம்பித் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் இருக்கும். வேகமாகச் சுழலும் மோட்டாருக்கு அது சரி. இங்கே பேரிங் முழுச்சுற்றே சுற்றுவதில்லை, ஆகவே தண்ணீர் தாங்கும் கிரீஸை வழிய வழிய அடைத்து மூடுங்கள். படகு டிரெய்லர் சக்கரத்துக்குப் போடுவார்களே, அந்த ரகம்.

முக்கியமானது இது. இறுக்கும் வரிசை. மேல் கிளாம்ப் போல்ட்டைக் கையால் மட்டும் வைத்துவிட்டு, முதலில் அடி நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போடுங்கள். ஹேண்டிலைக் கடைசிக்குக் கடைசி பத்துத் தடவை ஆட்டுங்கள். ஸ்டெம் தானாகத் தன் நேர்கோட்டைத் தேடிக்கொள்ளும். அப்புறம்தான் மேல் கிளாம்ப், இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி. தலைகீழாகச் செய்தால் ஸ்டெம் சாய்ந்த நிலையில் பூட்டிக்கொள்ளும், எல்லாம் புதுசு போட்டும் கனக்கிறதே என்று திரும்ப இங்கே வந்து எழுதுவீர்கள்.

கடைசிகியர்

ஸ்டெம்மை மறுபடி போடுவதற்கு முன்னால் சமமான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்த ஸ்டெம்முக்கு எந்த பேரிங் போட்டாலும் ஒரு பக்கம் இலகு, மறுபக்கம் இறுக்கம்தான். கைமாறி வந்த வண்டி எத்தனை தடவை குட்டிக்கரணம் போட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

புழுதிப்பயல்

உருட்டினேன், நேராக இருக்கிறது. பேரிங் போட்டாயிற்று, மேல் புஷ்ஷும் புதுசு. வரிசைப்படிதான் இறுக்கினேன். டை ராட் இல்லாமல் ஹேண்டில் இப்போது சுண்டு விரலுக்குத் திரும்புகிறது!

அடுத்து ஏ-ஆர்ம். இடது பக்கம் நாலு போல்ட்டில் மூன்று வந்தது. கீழ் ஆர்மின் பின் போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. சுத்தியலால் அடித்தால் ரப்பரை அடிப்பது போல எம்புகிறது.

பட்டறைக்காரன்

போல்ட்டும் அதன் மேல் இருக்கும் இரும்புக் காலரும் (போல்ட் நுழையும் குழல்) துருவில் ஒட்டி ஒன்றாகிவிட்டன. நீங்கள் போல்ட்டைச் சுற்றும்போது காலரும் சேர்ந்து புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. இன்னும் அடித்தால் ஃபிரேமின் காது வளையும், அது வளைந்தால் வேலை வெல்டிங்குக்குப் போய்விடும். நிறுத்துங்கள்.

அரைகுறை

சூடு காட்டினால் வந்துவிடுமே?

பட்டறைக்காரன்

வரலாம். ஆனால் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் புஷ், உருகிப் புகையும். மேலே பெட்ரோல் டேங்க். அதைவிட முக்கியம், அந்த இடத்தைப் பிரேக் கிளீனரால் கழுவியிருந்தால் நெருப்பைக் கிட்டக் கொண்டுவராதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் சூடானால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். காய்ந்துவிட்டது என்று நினைக்கிற இடுக்கில் ஈரம் மிச்சம் இருக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

என் வழி: ஃபிரேம் காதுக்கும் புஷ்ஷின் விளிம்புக்கும் நடுவே மெல்லிய ஹேக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுவது. ஆர்ம் கையோடு வந்துவிடும். புஷ், காலர், போல்ட் மூன்றும் எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

புழுதிப்பயல்

அறுத்தேன். இரண்டு பிளேடு, ஒரு மாலை நேரம், ஒரு கொப்புளம். வந்துவிட்டது.

இப்போது ஒரு விசித்திரம். மற்ற மூன்று இடத்தில் உள்ள புஷ் பழசு இல்லை, முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கிறார், பளபளவென்று இருக்கிறது. காலரிலும் துரு குறைவு. கையில் வைத்துச் சுற்றினால் இலகுவாகத்தான் சுற்றுகிறது. ஆனால் ஆர்மை ஃபிரேமில் வைத்து போல்ட்டை இறுக்கினால் பழையபடி அலமாரிப் பலகை. போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் ஆர்ம் பொத்தென்று விழுகிறது. அப்படியே தளர்வாக விட்டு லாக் நட் போட்டுவிடலாமா? சுலபமாக இருக்கிறதே.

திருகாணி

கூடாது. கூடவே கூடாது.

அந்தப் போல்ட்டின் வேலை காலரை ஃபிரேம் காதுகளுக்கு நடுவே அசையாமல் நெரித்துப் பிடிப்பது. காலர் நிலையாக நிற்க வேண்டும், புஷ் அதன் மேல் சுழல வேண்டும். போல்ட்டைத் தளர்த்தினால் காலர் போல்ட்டின் மேல் சுழலும். போல்ட் தேயும், காதில் உள்ள ஓட்டை நீள்வட்டமாகும். பிறகு அலைன்மென்ட் என்பதே கிடையாது.

இறுக்கினால் பிடிக்கிறது, தளர்த்தினால் விடுகிறது என்றால் காலர் குட்டை, புஷ் நீளம். வெர்னியர் எடுங்கள். காலரின் நீளம் ஒன்று. இரண்டு புஷ்ஷையும் ஆர்மில் முழுக்க அமுக்கி வைத்து, ஒரு விளிம்பின் வெளிப்பக்கத்திலிருந்து மறு விளிம்பின் வெளிப்பக்கம் வரை இன்னொன்று. இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

புழுதிப்பயல்

காலர் 57.9 மில்லிமீட்டர். புஷ் வெளி விளிம்புக்கு விளிம்பு 58.5. மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட இதுதான், 0.1 முன்னே பின்னே.

திருகாணி

கிடைத்துவிட்டான் திருடன். போல்ட் இறுகும்போது காது காலரைத் தொடுவதற்கு முன்னால் புஷ்ஷின் விளிம்பைத் தொட்டு நெரிக்கிறது. 0.6 மில்லிமீட்டரை அமுக்கிய பிறகுதான் காலருக்கே போகிறது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள்.

காலர் புஷ்ஷைவிட ஒரு துளி நீளமாக இருக்க வேண்டும். 0.2 இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்கு மேல் விட்டால் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். ஆகவே விளிம்பிலிருந்து மொத்தம் 0.8 எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 0.4.

மணல்மேடு

ஆஹா. ‘புது புஷ் போட்ட வண்டி’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்திருப்பார்களே.

புழுதிப்பயல்

எழுதியிருந்தார்கள். முதல் வரியிலேயே.

லேத் இல்லை. கையால் முடியுமா?

திருகாணி

முடியும். கண்ணாடித் துண்டின் மேல் 180 நம்பர் எமரி பேப்பரை விரித்து ஒட்டுங்கள். புஷ்ஷின் விளிம்பைக் கவிழ்த்து வைத்து எட்டுப் போடுவது போலத் தேயுங்கள். இருபது தேய்ப்புக்கு ஒரு தடவை புஷ்ஷைக் கால் சுற்று திருப்பிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் விரல் அழுத்துகிற பக்கம் சாய்ந்து தேயும். அடிக்கடி அளந்து பாருங்கள், போனது திரும்ப வராது. கடைசியில் 400 நம்பரில் வழவழப்பாக்குங்கள்.

காலரின் வெளிப்பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் துரு குழி பறித்திருக்கிறது. அந்தக் காலரை மாற்றுங்கள், மெருகேற்றிப் போட்டால் அரம் மாதிரி புது புஷ்ஷைத் தின்னும். கறை மட்டும்தான் என்றால் மெருகேற்றினால் போதும்.

அப்புறம் ஒரு சந்தேகம். நிப்பிள் ஓட்டையும் புஷ்ஷில் கிரீஸ் வழியும் நேராக இருக்கிறதா?

புழுதிப்பயல்

இல்லை! இரண்டு புஷ்ஷும் நடுவில் முட்டிக்கொண்டு நிப்பிள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் கிரீஸ் வெளியே பிதுங்கியதா?

பட்டறைக்காரன்

அதேதான். நடுவில் கிரீஸ் தங்க ஒரு இடைவெளி வேண்டும். புஷ்ஷின் உள்முனையில் இரண்டிரண்டு மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள், அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. நிப்பிளையும் கழற்றி, குண்டு அமுங்குகிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள்.

புழுதிப்பயல்

மன்னிக்கவும், நான்கு நாள் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் எட்டு இடத்துப் பதினாறு புஷ்ஷையும் தேய்த்து முடிக்க இவ்வளவு நேரம். பெருவிரல் ரேகை காணாமல் போய்விட்டது. நாலு காலர் புதுசு, நாலு பழசு மெருகேற்றியது.

இடது ஆர்மை மாட்டி முழு டார்க்கில் இறுக்கினேன். தூக்கினேன், விட்டேன். பொத். பத்துத் தடவை செய்து பார்த்தேன், எதற்கென்று கேட்காதீர்கள். கன் வைத்து இரண்டு அழுத்து அழுத்தினேன், கிரீஸ் புஷ்ஷின் இரண்டு விளிம்பிலும் மோதிரம் மாதிரி அழகாக வந்து நின்றது.

மிச்சம் வலது பால் ஜாயிண்ட். கழற்றினேன். கீழ் ஜாயிண்டின் பூட் கிழிந்து உள்ளே சேறு. பூட்டுக்குள் ஊசி வைத்து கிரீஸ் ஏற்றலாம் என்று எங்கோ படித்தேன்.

பட்டறைக்காரன்

பூட் முழுசாக இருந்து, வறண்டு மட்டும் போயிருந்தால் அது சரி. சேறு உள்ளே போய் பாதியில் திக்குகிறது என்றால் குண்டு தேய்ந்துவிட்டது. இன்றைக்கு இறுகியிருப்பது நாளைக்கு ஆட்டம் காட்டும், அப்புறம் ஒரு நாள் குழியை விட்டுக் கழன்று வரும். ஓடும்போது சக்கரம் மடங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றுங்கள். சில வண்டியில் ஜாயிண்ட் தனியாகப் பிரஸ் செய்து சர்க்லிப் போட்டிருக்கும், சிலவற்றில் ஆர்மோடு சேர்ந்தே வரும். பார்த்து வாங்குங்கள்.

புது ஜாயிண்ட் கையால் அசைத்தால் விறைப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். விறைப்பு ஒரே சீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திக்கல் இருக்கக் கூடாது. கேசில் நட்டை (காட்டர் பின் நுழைய வெட்டு உள்ள நட்) இறுக்கிய பிறகு காட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் முன்னே கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் பின்னே தளர்த்தாதீர்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுகிற சிக்கனமும் வேண்டாம்.

கடைசிகியர்

எல்லாம் மாட்டின பிறகு டோ, அதாவது இரண்டு முன் சக்கரமும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு சாய்ந்து பார்க்கின்றன என்று பார்க்க வேண்டும். சக்கரம் நேராக, வண்டி தரையில். அச்சு உயரத்தில் இரண்டு டயரின் நடுக்கோட்டுக்கும் இடையே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படித்தான் பெரும்பாலான வண்டிக்குச் சொல்லியிருப்பார்கள், உங்கள் மேனுவல் எண்ணைப் பாருங்கள். டை ராடின் ஒரு முனை இடதுமரை, அந்த லாக் நட் எதிர்ப்பக்கம் திரும்பும். தெரியாமல் நீளமான ஸ்பேனரைப் போட்டுத் தொங்காதீர்கள். இரண்டு பக்க ராடையும் சமமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஹேண்டில் கோணலாக நிற்கும்.

அரைகுறை

பின்பக்கம் பார்க்க வேண்டாமா? இத்தனை தண்ணீர் முன்னால் மட்டுமா போயிருக்கும்.

பட்டறைக்காரன்

நல்ல கேள்வி தம்பி. பின் ஷாக் லிங்கேஜும் (ஷாக்கை இணைக்கும் பாகங்கள்), பின் அச்சைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் சுழலும் பிவட்டும் அவசியம் பார்க்க வேண்டும். அங்கே ஊசி பேரிங், தண்ணீர் பட்டால் முதலில் சாவது அதுதான். கழற்றும்போது அடியில் தட்டு வையுங்கள், சில வகையில் ஊசிகள் கொட்டிவிடும். எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். துரு இல்லை என்றால் கழுவி, கிரீஸ் அடைத்து, திரும்பப் போட வேண்டியதுதான்.

புழுதிப்பயல்

பின்பக்கம் பிழைத்தது. கிரீஸ் கறுத்திருந்தது, துரு இல்லை.

இன்று ஓட்டினேன். முதல் திருப்பத்தில் பழைய பழக்கத்தில் பலமாகத் திருப்பி புதருக்குள் போயிருப்பேன். வளைவு முடிந்து கையை இலகுவாக்கினால் ஹேண்டில் தானாக நடுவுக்கு வருகிறது. பம்பரை அமுக்கினாலும் தூக்கினாலும் வித்தியாசம் ஒரு விரல்கூட இல்லை. ஷாக்கை மாற்றக் கேட்டவனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும். மேடு ஏறி இறங்கும்போது இடது பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். முன்பு இல்லை.

பட்டறைக்காரன்

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அப்புறம் பக்கவாட்டில். ஆட்டம் இல்லை என்றால் கழற்றின ஒவ்வொரு போல்ட்டிலும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

புழுதிப்பயல்

கண்டுபிடித்தேன். இடது ஷாக்கின் கீழ் போல்ட். ஆர்மை பத்துத் தடவை தூக்கித் தூக்கிப் போட்டு விளையாடினேன் இல்லையா, அதற்குப் பிறகு நட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு அப்புறம் இறுக்கலாம் என்று வைத்தது. அப்படியே மறந்திருக்கிறேன்.

மணல்மேடு

இறுக்கினதும் போல்ட் தலையிலிருந்து ஃபிரேம் வரை வெள்ளை பெயின்ட் பேனாவில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு இல்லாத போல்ட் இன்னும் இறுக்காத போல்ட். கோடு உடைந்திருந்தால் தளர்ந்த போல்ட். நான் ஒரு தடவை முன் சக்கரம் என்னை முந்திக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு பழகிக்கொண்டது.